மூணு தடத்துக்காரன்

சைடு வீல் கட்டிய என் ஸ்கூட்டர் முதன்முதலில் என் மானத்தை வாங்கியது குண்டடத்தில் ஒரு டீக்கடை முன்னால். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற ரோடு. டீ குடிக்கலாம் என்று தாரை விட்டு மண்ணுக்கு இறங்கினேன். தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு நாலு விரக்கடைப் பள்ளம். இடது பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியது, வலது பக்கச் சக்கரம் தாரிலேயே நின்றுகொண்டது. இன்ஜினோடு சேர்ந்த நடுச்சக்கரம் இருக்கிறதே, அது அந்தரத்தில். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ராட்டை மாதிரி சும்மா சுற்றுகிறது. வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஏனுங் தம்பி, இத்தன காலு வெச்சிருந்துமா நகர மாட்டீங்குது?"

கடைப் பையன்கள் ரெண்டு பேர் வந்து பின்னால் தூக்கிவிட்டார்கள். டீக்குக் காசு வாங்கவில்லை. அதுதான் ரொம்பச் சுட்டது.

எனக்கு இடது கால் போலியோ. ரெண்டு வயதில் வந்தது. பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆறு நாளும் தறிச் சத்தத்தில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாது. 110 சிசி ஸ்கூட்டர், பின்னால் ரெண்டு பக்கமும் சக்கரம் கட்டியது. 9 வருஷத்தில் 61,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். பழனி, கொடுமுடி, ஆழியாறு, தாளவாடி, ஒருமுறை ராமேஸ்வரம். அப்படிப் பட்டுக் கற்றுக்கொண்டதில் பாதியை முதல் வருஷமே யாராவது சொல்லியிருந்தால் நிறைய டயரும் கொஞ்சம் மரியாதையும் மிச்சமாகியிருக்கும்.

ஊரில் இதை 'மூணு சக்கர வண்டி' என்கிறார்கள், 'சைடு வீல் வண்டி' என்றும் சொல்வதுண்டு. எண்ணிப் பார்த்தால் சக்கரம் நாலு. முன்னால் ஒன்று, பின்னால் வரிசையாக மூன்று. ஆனால் ரோட்டில் விழுகிற தடம் மூணு. எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரெண்டு சக்கர வண்டிக்கு ஒரே தடம். குழியைப் பார்த்தால் ஒரு பக்கம் ஒதுங்கிப் போய்விடலாம். காருக்கு ரெண்டு தடம். குழியை நடுவில் விட்டுத் தாண்டிவிடலாம். எனக்கு? முன்சக்கரத்தைக் குழிக்கு வலது பக்கமாக ஒடித்தால் இடது பக்கச் சக்கரம் அதில் விழும். இடது பக்கமாக ஒடித்தால் வலது. நேராக விட்டால் முன்னும் நடுவும் சேர்ந்து விழும். இதைப் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்த பிறகு குழியைத் தவிர்க்க முயல்வதையே விட்டுவிட்டேன். எந்தச் சக்கரத்தை விடுவது என்று மட்டும் முடிவு செய்கிறேன். பெரும்பாலும் இடது பக்கத்தைத்தான் பலி கொடுப்பேன். என் எடை வலது பிட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் இடது பக்கம் லேசாகத்தான் அடி வாங்கும்.

எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவள்) ஊருக்குப் போகிற இட்டேரியில், ரெண்டு பக்கமும் வேலி நிற்கிற அந்த மண்தடத்தில், இன்னொரு கூத்து. மாட்டு வண்டி போய்ப் போய் ரெண்டு பக்கமும் சோடை விழுந்து, நடுவில் மேடு கட்டியிருக்கும். என் வண்டி பின்னால் மூணரை அடி அகலம். மாட்டு வண்டியின் சோடை அதைவிட அகலம். ஒரு சக்கரத்தைச் சோடையில் விட்டால் இன்னொன்று மேட்டில் ஏறி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து வேலி முள்ளைத் தடவிக்கொண்டே போகும். அந்த ஊருக்கு இப்போது மாமாவை மெயின் ரோட்டுக்கு வரச் சொல்லிவிடுகிறேன்.

டெக்ஸாஸில் சித்தி மகன் இருக்கிறான். எனக்கு ஆறு வயது இளையவன். அவனுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெண்டு வருஷம் முன்னால் ஒரு மூணு சக்கர டூரிங் பைக் வாங்கினான். முன்னால் ரெண்டு, பின்னால் ஒன்று. அந்த நாட்டில் மூணு சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. ஹார்லி 1932இலேயே சர்வி-கார் என்று ஒன்றைப் போட்டு 1973 வரை விற்றது. போலீஸ்காரர்கள் அதை வைத்துக்கொண்டு பார்க்கிங் மீட்டர் பார்த்துத் திரிந்தார்கள். இப்போது பெட்டி, பாட்டு, சூடாகிற கைப்பிடி எல்லாம் சேர்த்துச் சுற்றுலா வண்டியாக விற்கிறார்கள்.

வாங்கின ஒரு மாசத்தில் போன் செய்தான். "அண்ணா, இந்த வண்டி என்னைத் தூக்கி வெளிய போடப் பாக்குதுங்ண்ணா. வளைவுல சாய மாட்டேங்குது."

"சாயாதுடா. சாயறதுக்கா மூணு சக்கரம் வெச்சிருக்கு?"

"பத்து வருஷம் ரெண்டு சக்கரம் ஓட்டிட்டேன். கை சொன்ன பேச்சு கேக்கலீங்ண்ணா."

அவன் சொன்னதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேகமாகப் போகும்போது ரெண்டு சக்கர வண்டியை இடது பக்கம் திருப்ப, ஓட்டுகிறவர் தனக்கே தெரியாமல் இடது கைப்பிடியை முன்னால் தள்ளுகிறார். ஹேண்டில்பார் ஒரு கணம் எதிர்ப்பக்கம் திரும்பும், வண்டி இடது பக்கம் சாயும், அந்தச் சாய்விலேயே திரும்பிவிடும். சாயாத வண்டியில் இதே பழக்கத்தோடு உட்கார்ந்தால் இடது பக்கம் போக நினைத்தவர் வலது பக்கம் போவார். சாய்கிற மூணு சக்கரமும் உண்டு. பியாஜியோ 2006இல் எம்.பி.3 என்று ஒன்று கொண்டுவந்தது, அதில் முன்சக்கரம் ரெண்டும் சேர்ந்து சாயும். அவனுடையதும் என்னுடையதும் அந்த ஜாதி இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். ரெண்டு சக்கர வண்டியை நான் ஓட்டியதே இல்லை. மறப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் என் வண்டியைத் தொடுகிற மெக்கானிக் எல்லாரும் ரெண்டு சக்கரக்காரர்கள். ஒருமுறை பிரேக் சரி பார்க்கிறேன் என்று ஒருவர் ஏறி உட்கார்ந்தார். 20 அடி போனார். சந்து திரும்புகிற இடத்தில் உடம்பைச் சாய்த்தார், வண்டி நேராகப் போய்ச் சாக்கடைச் சுவரில் முட்டி நின்றது. இறங்கி வந்து, "ஹேண்டில் டைட்டா இருக்குதுங்" என்றார். ஹேண்டில் டைட்டாக இல்லை. மனுஷர் அதைத் திருப்பவே இல்லை.

இந்த வண்டி வைத்திருக்கிறவர்களின் பெரிய தலைவலி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் இல்லை. ஸ்கூட்டர் ஷோரூமில் கேட்டால் "சைடு வீல் நாங்க போட்டது இல்லீங்க" என்பார்கள். சக்கரம் கட்டிக் கொடுத்தவரைக் கேட்டால் "அது இன்ஜின் பிரச்சினைங்க" என்பார். நடுவில் நிற்பது நாம். அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், ஏற்றமா இறக்கமா, தனியாகவா பின்னால் ஆள் வைத்தா, என்ன சத்தம். இதை எழுதிக்கொண்டு போனால் மெக்கானிக் ஓட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. பாதிக் குறை எழுதும்போதே நமக்குப் பிடிபட்டுவிடும்.

குண்டடத்துக் கதைக்கு மருந்து அப்படித்தான் கிடைத்தது. நோட்டில் நாலு இடத்தில் ஒரே விஷயம் வந்திருந்தது: பெட்ரோல் பங்க் வாசலில் ஜல்லி மூடிய காவாயைத் தாண்டும்போது, வீட்டுச் சாய்தளத்தில் ஏறும்போது, மண் ரோட்டில், மழையில். எல்லாவற்றிலும் நடுச்சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. அதாவது எடையெல்லாம் பக்கச் சக்கரம் ரெண்டின் மேலும் போய்விடுகிறது. வண்டியைச் சிமென்ட் தரையில் நிறுத்தி, ஆள் ஏறாமல் பார்த்தேன். மூணு சக்கரமும் ஒன்றுபோல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பார்க்க அழகாக இருந்தது, ஆனால் தப்பு அதுதான். நான் ஏறினால் ஸ்கூட்டரின் சொந்த ஷாக் அப்சார்பர் அமுங்கும். பக்கச் சக்கரத்துக்குப் போட்டிருந்த ஸ்பிரிங்கோ கல் மாதிரி. அது அமுங்காது. எடை அதன்மேல் ஏறிக்கொள்ளும்.

லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் பிடித்தார் இதை. கோயமுத்தூர் கணபதியில் பட்டறை. நம் பக்கத்தில் பிறந்ததில் ஒரு லாபம், மோட்டார் பம்பு செய்த ஊர் என்பதால் தெருவுக்கு ஒரு லேத்து, அதில் நிற்கிறவருக்கு இரும்பு பேசினால் காது கேட்கும். வண்டியைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினார். "நீங்க ஏறி உக்காருங்ண்ணா. சும்மா உக்காருங்." உட்கார்ந்தேன். பக்கச் சக்கரத்தடியில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார், போகவில்லை. "ஆளு ஏறுனப்பொறகும் ஒரு காயிதம் உருவுற மாதிரி லேசா இருக்கோணுமுங். இது உங்களத் தாங்கறதுக்கில்ல, சாயாம புடிச்சுக்கறதுக்குத்தான்."

பக்கச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை ரெண்டையும் அரை அங்குலம் உயர்த்தி வைத்தார். கல் மாதிரி இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெலிசாக ஒன்று போட்டார். அந்தக் கை அசைகிற மூட்டில் இரும்பும் இரும்பும் உரசி முட்டை வடிவத்தில் ஓட்டை தேய்ந்திருந்தது. அதைக் கடைந்து கன்மெட்டல் புஷ் (வெண்கல உள்வளையம்) போட்டு, கிரீஸ் அடிக்க நிப்பிளும் வைத்தார். 1,800 ரூபாய். அதற்கு முந்தின ரெண்டு வருஷத்தில் டயருக்கும் பேரிங்குக்கும் நான் கொட்டினதைக் கணக்குப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை அல்லவா. பார்த்திருக்கக் கூடாது.

ஒரு விஷயம் அவர் சொல்லாமல் நானாகக் கண்டுபிடித்தது. இடது பக்க டயர் 2,000 கிலோமீட்டரில் மொட்டையாகும், வலது பக்கம் அப்படியே இருக்கும். டயர் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே தடவினால் வழுக்கும், வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பம் மாதிரிச் சொரசொரக்கும். சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் கோணலாக இழுபடுகிறது என்று அர்த்தம். கார் வைத்திருப்பவர்கள் அலைன்மென்ட் கடைக்குப் போவார்கள். இந்த வண்டி அந்த மெஷினில் ஏறாது. தறிக்கூடத்தில் நூலுக்கா பஞ்சம்? பாவு நூல் நாலு இழையை முறுக்கி எடுத்து, முன்சக்கரத்தை நேராக வைத்து, முன்சக்கரம், நடுச்சக்கரம் ரெண்டையும் ஒட்டினாற்போல் நூலை இழுத்துக் கட்டினேன். பிறகு அந்த நூலிலிருந்து பக்கச் சக்கரத்தின் முன் விளிம்புக்கு எவ்வளவு, பின் விளிம்புக்கு எவ்வளவு என்று ஸ்கேலில் அளந்தேன். ரெண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வலது பக்கம் சரி. இடது பக்கம் முன் விளிம்பு 4 மில்லி வெளியே போயிருந்தது. போல்டைத் தளர்த்தி ஒரு தகடு சொருகினேன். இப்போது அந்த டயர் 11,000 தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைச் சித்தி மகனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் ஊரில் லேசர் வைத்துப் பார்க்கிறார்களாம். நேரம் எடுத்து, சொளையாகக் காசும் வாங்குகிறார்களாம். அவன் வண்டியில் பின்டயர் நடுவில் மட்டும் சப்பையாகத் தேய்கிறது. சாயாத வண்டியில் டயரின் ஓரம் எப்படித் தேயும்? "உங்களுக்கு நூலு, எனக்கு லேசரு. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிங்ண்ணா" என்றான். அவன் வண்டியில் பின்னால் போகப் பொத்தான் இருக்கிறது, அதில் மட்டும் எனக்குப் பொறாமை. ரிவர்ஸ் கியர் வைத்த சைடு வீல் வண்டிகள் இங்கேயும் வந்துவிட்டன. என்னிடம் இல்லை. அதனால் எங்கே போனாலும் வண்டி முகத்தை வெளியே பார்த்துத்தான் நிறுத்துவேன். ஸ்டாண்டு கிடையாது, மேட்டில் நிறுத்தினால் தானே உருண்டு போகும். தென்னங்கட்டையில் ஆப்பு ஒன்று செதுக்கிக் கயிறு கட்டி ஹேண்டிலில் மாட்டியிருக்கிறேன். உட்கார்ந்தபடியே போடலாம், உட்கார்ந்தபடியே இழுக்கலாம்.

"இது விழவே விழாதுங்க" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

தாளவாடியில் ஒரு விசேஷம், போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, பெல்ட் தேய்ந்த வாசம் மட்டும் மூக்கில் ஏறியது. காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானை நிற்குமோ என்ற பயத்தில் மற்ற பயமெல்லாம் மறந்திருந்தது. இறங்கும்போது ஒரு இடது வளைவு. எதிரே லாரி. லாரி அந்த வளைவில் ரோடு முழுவதையும் கேட்கும். பைக்காரர்கள் ஓரத்தில் ஒடுங்கிக்கொள்வார்கள். மூணரை அடியை எங்கே ஒடுக்குவது? வேகத்தைக் குறைக்காமல் உள்ளே ஒடித்தேன். கண்ணோரத்தில் இடது மட்கார்டு மெதுவாக மேலே எழுந்தது. வண்டிக்குச் சாயத் தெரியாது, கவிழத் தெரியும் என்று அந்த நொடியில் புரிந்தது. எப்படியோ ஹேண்டிலைக் கொஞ்சம் விட்டேன், சக்கரம் 'தொப்' என்று தரையில் உட்கார்ந்தது. லாரிக்காரர் ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார். அது இங்கே வேண்டாம்.

அன்றைக்கு பண்ணாரியில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்து யோசித்தேன். வலது வளைவில் எனக்குப் பயமே வருவதில்லை. வலது காலை ஊன்றி உடம்பை உள்பக்கம் தள்ளிவிடுவேன். இடது வளைவில் ஊன்ற வேண்டிய கால் போலியோ கால். உடம்பு வெளியே, வலது பக்கமாகத் தூக்கியெறியப்படுகிறது. அதோடு, பின்பெட்டியில் கல்யாண வீட்டுத் தேங்காய்ப் பை, மேலே ஹெல்மெட். உயரத்தில் எடை.

பல்லடத்தில் சீட்டு தைப்பவரிடம் சொல்லி சீட்டின் இடது விளிம்பை மட்டும் ரெண்டு அங்குலம் உயர்த்தித் தைக்கச் சொன்னேன். "ஒரு பக்கமா இருந்தா அசிங்கமா இருக்குமுங்" என்றார். என் காலே ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது என்றேன், சிரித்துவிட்டுத் தைத்தார். இப்போது இடது வளைவில் தொடையை அதில் அண்டக் கொடுத்து உடம்பை உள்ளே தள்ள முடிகிறது. கனமான சாமானெல்லாம் கால் வைக்கிற பலகைக்கு வந்துவிட்டது. பெட்டியில் ஈரத் துண்டும் மாத்திரையும் மட்டும். ஊன்றுகட்டைக்கு வலது பக்கம் ரெண்டு கிளிப். வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்னால்தான். வளைவுக்குள் பிரேக்கைத் தொடுவதில்லை. பக்கச் சக்கரத்துக்கு என் வண்டியில் பிரேக் கிடையாது. பின்பிரேக் நடுச்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், அது தூக்கிக்கொண்டிருந்தால் பிடித்தும் பிரயோசனமில்லை. இன்னொன்று, பெட்ரோல் மிச்சம் என்று மலை இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வருகிற ஆட்களைப் பார்க்கிறேன். கியர் இல்லாத வண்டியில் இன்ஜின் கொடுக்கிற கொஞ்சநஞ்சப் பிடிப்பும் அதோடு போய்விடும். பிரேக் ஷூ சூடேறி வழுக்க ஆரம்பித்தால் பண்ணாரியம்மன்தான் துணை.

ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்காரன் எழுதியதாக ஆகாது. பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று கேத்தனூர், உடுமலை, தாராபுரம் என்று காற்றாடிகளைச் சுற்றிக்கொண்டே போகும். ரெண்டு சக்கரக்காரர்கள் காற்றுக்குள் சாய்ந்து ஓட்டுவார்கள். சாயாத வண்டி அப்படியே பக்கவாட்டில் நகரும். ஒரு லாரி தாண்டிப் போகும்போது காற்று நிற்கும், தாண்டியதும் அறையும். முன்னால் உயரமான கண்ணாடி மாட்டியிருந்தேன், மழைக்கு நல்லது என்று. ஒரு ஆடியில் கழற்றியதை அப்புறம் மாட்டவே இல்லை. ரோடு எப்போதும் இடது ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் வண்டி இடது பக்கமே இழுக்கும், 100 கிலோமீட்டரில் வலது தோள்பட்டை விட்டுப்போகும். இடது ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு தடித்த வாஷர் போட்டதில் அது முக்கால்வாசி குறைந்தது.

மற்றவை சில்லறைச் சங்கடம்தான். டோல்கேட்டில் பைக்குக்கு விட்டிருக்கும் ஓரச் சந்தில் என் வண்டி நுழையாது. கார் வரிசையில் போனால் பின்னால் இருக்கிறவர் ஹாரன் அடிப்பார். கட்டண விலக்குப் பலகையில் மாற்றுத்திறனாளி வண்டியும் எழுதியிருக்கிறது என்று காட்டிக் காட்டி வாய் வலித்துவிட்டது. ராத்திரியில் பின்னால் வருகிறவருக்கு நடு விளக்கு ஒன்றுதான் தெரியும், ஸ்கூட்டர் என்று நினைத்து ஒட்டிக்கொண்டு போவார். ரெண்டு மட்கார்டிலும் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டிய பிறகு ஒரு முழம் தள்ளிப் போகிறார்கள். லைசென்ஸில் முன்பு 'இன்வாலிட் கேரேஜ்' என்று போட்டிருந்தது. 'செல்லாத வண்டி' என்றும் படிக்கலாம், அப்படித்தான் என் நண்பர்கள் படித்தார்கள். 2019 சட்டத் திருத்தத்தில் அந்தப் பெயரை 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றினார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் சக்கரம் கட்டியதை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று 2014 மார்ச் 27இல் அறிவித்தார்கள். என்னைப் போன்ற ஆட்கள் இனிக் குறைந்துகொண்டே வருவோம், நல்லதுதான். ஆனால் வண்டி விவரம் கேட்டு எனக்கு வருகிற போன் குறையவில்லை. சர்க்கரையில் காலை எடுத்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள். 30 வருஷம் புல்லட் ஓட்டியவர் ஒருவர் சென்னிமலையிலிருந்து போன மாசம் பேசினார். "வண்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டீங்குதுங்" என்றார், சித்தி மகன் சொன்ன அதே குரலில். வீட்டுக்கு வாங்க, காலியான களத்தில் எட்டுப் போட்டுப் பழகலாம் என்றேன். வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்குள் என் வண்டியைச் சரி பண்ண வேண்டும். போன வாரம் கொடுமுடி போய்த் திரும்பும்போது வலது பக்கத்தில் ஒரு சத்தம். நோட்டில் எழுதியிருக்கிறேன்: 40க்கு மேல், இடது வளைவில் மட்டும், சலங்கை மாதிரி. பேரிங்காகத்தான் இருக்கும்.